இடம் மாறும் வயர்

"இது ஸ்டீயரிங் இல்ல, ஜாய்ஸ்டிக்! எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

கம்ப்யூட்டர் மெக்கானிக் உள்ளே நுழையும்போது அந்த வீட்டுப் பெரியவர் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியில் ஓர் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது.

"வாங்க தம்பி. இந்தக் கூத்தை நீங்களே பாருங்க."

திரையில் ஒரு துறைமுகம். கப்பலுக்குப் பக்கத்தில் கிரேன். ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்தார். கிரேன் அசையவில்லை. பின்னால் நின்ற லாரிதான் திரும்பிப் போய்ச் சுவரில் முட்டியது.

"ராத்திரி எல்லாம் சரி பண்ணிட்டுதான் படுக்கிறேன். காலையில பார்த்தா மறுபடி ஸ்டீயரிங்னு சொல்லுது. தினம் இதே ரோதனை."

"விளையாட்டுதானே சார், விடுங்க."

அவர் முகம் மாறிவிட்டது.

"பாதி ஆயுசைக் கிரேன்லயே கழிச்சவன் தம்பி நான். கால் இப்படி ஆனப்புறம் ஏணி ஏற முடியல. வேலை போச்சு. என் மச்சான்தான் பாவம் பார்த்து இதை வாங்கிக் கொடுத்தான்."

ஏன்டா வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது மெக்கானிக்குக்கு. மேஜைக்கு அடியில் புகுந்தார்.

கம்ப்யூட்டர் பெட்டி முழுக்கத் தூசி. பின்பக்கம் வயர் சொருகும் துளைகளில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"சார், ஜாய்ஸ்டிக் வயரை இடம் மாத்தி மாத்திச் சொருகுவீங்களா?"

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்கே குனியறது?"

அப்படியானால் வேறு யாரோ மாற்றுகிறார்கள். துளை மாறினால் இந்த கேம் ஜாய்ஸ்டிக்கைப் புதுச் சாமான் என்று எடுத்துக்கொள்ளும். புதுச் சாமான் எது வந்தாலும் அதற்கு ஸ்டீயரிங்தான்.

சரி செய்து கொடுத்தார். கிரேனின் கொக்கி ஒழுங்காக இறங்கிப் பெட்டியைத் தூக்கியது. அவர் "ம்" என்றார், அவ்வளவுதான்.

"சார், இது எதனாலன்னா..."

"மொதல்ல கையைக் கழுவிட்டு வாங்க தம்பி. நானும் கொஞ்சம் பால்கனியில நிக்கிறேன்."

கை கழுவிவிட்டு வந்தால், மேஜைக்கு அடியில் அவர் மனைவி. வயரைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் சொருகிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏம்மா, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? முடியாத மனுஷன். அவருக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். அதையும் கெடுக்கணுமா?"

"ஐயோ, மெதுவா தம்பி!" அந்த அம்மா பால்கனியைப் பார்த்துக்கொண்டார். "இது நல்லா ஓடினப்போ ஒரே நாள்தான் தொட்டார். நிஜ கிரேன் மாதிரி வருமான்னு போட்டுட்டு, பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துட்டார். சோறு இல்ல, பேச்சு இல்ல. ஒரு நாள் பெருக்கும்போது தெரியாம வயரை மாத்திச் சொருகிட்டேன். என் தம்பி வந்து ஆட்டிப் பார்த்தான், ஓடல. 'தள்ளுடா, நான் பார்க்கிறேன்'னு இவர் எழுந்து வந்துட்டார்!"

அந்த அம்மா வயரை அழுத்திச் சொருகி முடித்தார்.

"கோவத்துலயாவது எழுந்தாரே தம்பி. அதுலேர்ந்து தினம் நான்தான் மாத்தி வைக்கிறேன்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு பையை எடுத்தார். "நான் எதையும் பார்க்கலம்மா."

வாசல்வரை ஊன்றுகோலோடு அவர் வந்தார்.

"என்ன தம்பி, காரணம் தெரிஞ்சுதா?"

"இல்ல சார்... மெஷின் பழசு. அப்பப்போ இப்படித்தான் பண்ணும்." பொய் தடுமாறிக்கொண்டுதான் வந்தது.

அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நல்லவேளை, அவளைக் காட்டிக் கொடுக்கல நீங்க."

"சார்?"

"அவ குனிஞ்சு வயரை மாத்துறதை எப்பவோ பார்த்துட்டேன். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தப்போ, தூங்கிட்டேன்னு நெனச்சு வாயைப் பொத்திக்கிட்டு அழுவா. இப்ப நான் கம்ப்யூட்டரைத் திட்டத் திட்ட, அடுப்படியில நின்னு சிரிக்கிறா. அந்தச் சிரிப்புக்காகத்தான் எழுந்து உட்கார்றேன். மத்தபடி இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

"அப்போ என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

"அத்தனை வருஷம் கிரேன் ஓட்டினவன், தினம் கெட்டுப்போற மெஷினுக்கு ஒரு மெக்கானிக்கைக்கூடக் கூப்பிடலைன்னா, அவளுக்குச் சந்தேகம் வந்துடாதா தம்பி?"