ஏழாம் எண் தட்டு

"என் இதயத்தை ஒரே ஒரு தடவை காட்டுக்கா. நாளைக்கு ஊரே வந்து பார்க்கப் போகுது, சொந்தக்காரன் நான் பார்க்கக் கூடாதா?"

தம்பி கெஞ்சினால் அக்காவால் மறுக்க முடிந்ததே இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஆய்வுக்கூடத்தின் உள்ளறையைத் திறந்தாள்.

இன்குபேட்டருக்குள் இரண்டு தட்டுகள். மூடிகளில் அவள் எழுதிய எண்கள்: மூன்று, ஏழு. விண்வெளிப் பயணத்துக்குக் கடைசிச் சுற்று வரை வந்த தம்பி, ஒரு பெண் டாக்டர் ஆகிய இருவரின் ரத்தத்திலிருந்து நான்கு மாதமாக அவள் வளர்த்த இதயத் திசுக்கள். அரிசி மணி அளவுதான்; ஆனாலும் துடித்தன. இரண்டு வருடப் பயணத்தில் உடம்பில் ஏறக்கூடிய கதிர்வீச்சு முழுவதையும் நேற்றுத்தான் அவற்றின் மேல் பாய்ச்சியிருந்தார்கள். எது தாங்குகிறதோ அதற்கு உரியவர் போவார். மற்றவர் வீட்டில் இருப்பார்.

"ஏழுதான் நீ. அலுங்காமப் பாரு," என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள்.

"தாங்கியிருக்குமாக்கா?"

"தாங்கியிருக்கக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டிருக்கேன்."

"அடிப்பாவி! பன்னிரண்டு வருஷமா இதுக்காகத் தவம் கிடக்கேன்."

"அம்மா போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன்தான்டா. பாதி வழியில நீ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா, நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது?"

அவன் சிரித்தான். அதற்குள் தலைமை விஞ்ஞானி வெளியிலிருந்து அழைத்தார். ஏதோ கையெழுத்து. போட்டுவிட்டு அவள் திரும்பியபோது தட்டுகள் பழையபடி இன்குபேட்டருக்குள் இருந்தன.

"பார்த்துட்டியா? எப்படி இருக்கு?"

"நாளைக்குத் தெரியத்தானே போகுது," என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் தலைமை விஞ்ஞானி வருவதற்கு முன்பே அவள் தட்டுகளைப் பார்த்தாள். மூன்று திணறிக்கொண்டிருந்தது. அவசரமாக நாலு துடிப்பு, பிறகு ஒரு நிறுத்தம். ஏழு மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ஒரே சீராகத் துடித்தது.

அப்படியானால் தம்பி போய்விடுவான்.

எண்கள் மூடியில்தான் இருந்தன. "மூடியில எழுதாதே, தட்டுக்கு அடியில எழுது" என்று தலைமை விஞ்ஞானி தலைபாடாக அடித்துக்கொண்டும் அவள் கேட்டதில்லை. இப்போது அது வசதியாகப் போயிற்று. இரண்டு மூடிகளையும் மாற்றிப் போட இரண்டு விநாடி போதும். தம்பி வீட்டில் இருப்பான். மூன்றாம் எண்காரி, அந்த டாக்டர், திணறும் இதயத்தோடு போவாள்.

இரண்டு கைகளிலும் இரண்டு மூடிகளைத் தூக்கிவிட்டாள்.

'அவளுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்களே!'

அழுகையை அடக்கிக்கொண்டு, எடுத்த மூடிகளை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தம்பி கிளம்பிப் போன இருபதாம் நாள், அவளோடு பேச அவனுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வார்த்தையும் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சாப்பிட்டியாக்கா?"

"உன் தட்டைத் தூக்கிப் போடச் சொன்னாங்கடா. எனக்கு மனசு வரலை. பக்கத்துலயே வச்சிருக்கேன். இன்னும் என்ன அழகாத் துடிக்குது தெரியுமா! அதைப் பார்த்தாத்தான் எனக்குச் சோறு இறங்குது."

"அந்த மூணாம் எண்?"

"டாக்டரம்மா தப்பிச்சாங்க, போ. அது போன வாரமே நின்னுபோச்சு."

அவன் குரல் மெதுவாக வந்தது.

"கோவிச்சுக்காதேக்கா. அன்னைக்கு நீ கையெழுத்துப் போடப் போனப்ப, மூடிங்களை மாத்திப் போட்டுட்டேன். நின்னுபோச்சுன்னியே, அதுதாங்கா நான்."