நீர் வரும் பக்கம்

முதல் கல்லைப் புரட்டினாள். இல்லை.

இரண்டாவதிலும் இல்லை.

கணுக்கால் நனையும் ஓடை. தேடுவது நெல்லிக்காய் அளவில், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நண்டு. இந்த ஒரு வளைவில்தான் அவள் கணவர் அதைக் கண்டார். கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்தியவர், எந்தக் கட்டுரையிலும் இடத்தை மட்டும் எழுதவில்லை. தெரிந்தால் ஒரே மாதத்தில் கண்ணாடித் தொட்டிகளுக்கு விலைபோய்விடும் என்பார்.

அவளுக்கு மட்டும் தெரியும்.

கரையில் ஆவுடையப்பன் நின்றிருந்தான். அவரோடு காடுகாடாய் அலைந்தவன். சாவு வீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“அண்ணன் இத மட்டும் எனக்குக் காட்டவே இல்ல மதினி.”

அன்றே இடத்தைச் சொல்லிவிட்டாள்.

அவர் போய் நேற்றோடு ஒரு வருடம். ஆவுடையப்பன்தான் ஜீப்பில் கூட்டி வந்தான். நீங்க இல்லாம எப்படி வருவேன், நானும் இன்னைக்குத்தான் பாக்கப்போறேன் என்று வழியெல்லாம் சொன்னான்.

மூன்றாவது கல்லில் கை நின்றது.

நீர் வரும் பக்கம் பொடிக்கற்கள் செருகியிருந்தன. நெருக்கமாக, ஒவ்வொன்றாக.

புரட்டிய கல்லை அவர் அப்படித்தான் திரும்ப வைப்பார். அடியில் நீரின் வேகம் புகக்கூடாது. “அடுத்தவன் வீட்டத் தொறந்து பாத்தா, சாத்திட்டு வரணும்லா.” அந்தப் பழக்கம் இரண்டே பேருக்குத்தான் ஒட்டியது. அவளுக்கும், ஆவுடையப்பனுக்கும்.

அவர் போன பிறகு ஓடை இரண்டு முறை கரைபுரண்டது. அவர் கை வைத்தது எதுவும் மிஞ்சியிருக்காது.

அடுத்த கல்லைப் பார்த்தாள். அதற்கடுத்ததை.

வளைவு முடியும்வரை எல்லா வீடும் சாத்தியிருந்தது.

நாவல் மரத்து வேருக்கடியில் ஒரு கல். அதற்கு மட்டும் பொடிக்கல் இல்லை.

தூக்கினாள்.

கத்தரிப்பூ.

அது ஓடவில்லை. வயிற்று மடல் புடைத்திருந்தது. அதன் விளிம்பில் கடுகளவு குஞ்சுகள் கால் நீட்டின.

“ஏதும் கெடக்கா மதினி?”

கல்லை மெல்ல இறக்கினாள். முதுகால் அதை மறைத்தபடி பொடிக்கற்களைப் பொறுக்கினாள். நீர் வரும் பக்கம் செருகினாள். நெருக்கமாக, ஒவ்வொன்றாக. மற்றக் கற்களைப் போலவே.

பிறகுதான் நிமிர்ந்தாள்.

“ஒண்ணுமில்ல தம்பி. எல்லாம் ஏற்கெனவே பாத்த கல்லு.”

அவளைக் கரையேற்ற அவன் நீட்டிய கை பாதியில் நின்றது.