ரோட்டுச் சத்தம்

கார்க் கதவின் உள்பலகையைக் கழற்றி, சத்தம் தடுக்கும் ஷீட்டை ஒட்டிக்கொண்டிருந்தான் கணவன். மனைவி ஹேர் டிரையரால் சூடு காட்டினாள்.

"ரோட்டுச் சத்தம் அவ்வளவு தொல்லையா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அதை ஏன் கேக்குறீங்க!"

வேலை முடிந்தது. அவள் உள்ளே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே நின்ற அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. துள்ளிக் குதித்து அவனும் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"ம், ஆரம்பி!"

"என் தம்பி கல்யாணத்துல ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க?"

ஆள் நிறைந்த கூட்டுக் குடும்பத்தில், அவர்கள் வாய்விட்டுப் போட்ட முதல் சண்டை!

அப்பா வந்து கதவைத் திறந்தார்.

"எஞ்சினே இல்லாத காருக்கு எதுக்கு இதெல்லாம்னு இப்பத்தான்டா புரியுது. சீக்கிரம் எறங்குங்க, அடுத்து நாங்க!"

பின்னால் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.