விருந்தாளித் தண்ணீர்

சின்ன சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிகாயாவிடம், எப்போதும்போல ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள் நெனிதா.

பினாத்துபோ எரிமலைக்குத் தப்பி வந்தவர்களைக் காலியான ராணுவத் தளத்தில் குடிவைத்திருந்தார்கள். லாரிகள் கழுவிய எண்ணெயும் ரசாயனமும் அங்கே கிணறுவரை இறங்கியிருந்தன. அதனால் லிகாயாவின் தொண்டு நிறுவனம் வாரந்தோறும் நல்ல தண்ணீர் பாட்டில்கள் கொடுத்தது. அப்படியும் நெனிதாவின் ஐந்து வயது மகன் ஜோவென் சிறுநீரகம் கெட்டுப்போய்ப் பிழைக்கவில்லை.

லிகாயா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

“நீ எனக்குக் கிணத்துத் தண்ணி குடுத்ததை நான் தப்பாவே நினைச்சதில்ல நெனிதா. நல்ல தண்ணி பிள்ளைக்கு வேணுமே. மிச்சம் இருந்தா இனி நீயாவது குடி.”

நெனிதா பதறிப்போனாள்.

“ஐயோ அக்கா! வீடு தேடி வந்தவங்களுக்குப் போயி கிணத்துத் தண்ணியா குடுப்பேன்?”

அலமாரியைத் திறந்தாள். பூப்போட்ட தட்டுகளுக்குக் கீழே சீல் உடைக்காத பாட்டில்கள் நெருக்கியடித்து நின்றன.

“எங்களுக்குக் கிணத்துத் தண்ணி பழக்கம்தானே. ஜோவென் சில நேரம் கேட்பான். ‘அது விருந்தாளிக்குடா’ன்னு ஒரு தடவை சொன்னா போதும். சமத்துப் பிள்ளை அக்கா, தொடவே மாட்டான்.”