ஒரு துணுக்கு நொய்

குறைத்த பிறகும் கனம் குறையாத சுமை எது? சொல்லுங்கள் பார்ப்போம்.

வேலிக்கு அப்பாலிருந்து வந்த பெருச்சாளி எறும்புப் புற்றின் வாசலில் உட்கார்ந்து, எறும்புகள் உள்ளே சுமந்து போகும் நொய்யரிசியில் பாதியை வரியாகப் பறித்தது. மழை நெருங்கியும் களஞ்சியம் நிறையாததால் எறும்புகள் கூடிக் கூச்சல் போட்டன.

"சரி, ஆளுக்கு ஒரு துணுக்கு போதும். அதையும் தராதவர்களை மிதித்துவிடுவேன்" என்றது பெருச்சாளி.

"ஜெயித்துவிட்டோம்! ஒரு துணுக்கைக் கிள்ளி வைத்துவிட்டு வாடி, மிளகி" என்றாள் சித்தி எறும்பு.

"இவ்வளவு பெரிய வயிற்றுக்குத் துணுக்கு எதற்குச் சித்தி?" என்று கேட்டாள் குட்டி எறும்பு மிளகி.

"வயிற்றுக்கு இல்லையடி. வாசல் அவருடையது என்பதற்கு அடையாளமாம்."

"நாம் தோண்டிய வாசல்தானே?"

பெருச்சாளி காலைத் தூக்கியது. மிளகி எதையும் வைக்காமல் முழு நொய்யோடு உள்ளே நடந்தாள்.