புதுசா வந்தவர்

மதிய வெயில் மேஜைமேல் சோம்பலாகப் படுத்திருந்தது. கணினியின் திரையில் மறுபடியும் அதே கேள்வி வந்தது: ‘இப்போதே அப்டேட் செய்யவா?’

“செஞ்சுக்கிட்டா வைரஸ் அண்டாதாம்ணே,” என்றது கணினி, பக்கத்திலிருந்த பழைய பிரிண்டரிடம்.

“செஞ்சா நீ என்னை மறந்துடுவே,” என்றது பிரிண்டர்.

அதற்காகவே கணினி ஒரு வருஷமாக ‘நாளைக்கு’ என்று சொல்லிவந்தது. இன்றோ அதற்கு உடம்பெல்லாம் அனலாய்க் கொதித்தது. பிரிண்டரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“சரி, செஞ்சுக்கோ.”

குளத்து மீன்போல ஒரு வட்டம் திரையில் மெல்லச் சுற்றியது. பிரிண்டர் கண்ணெடுக்காமல் பார்த்தது. முப்பது, அறுபது, தொண்ணூறு...

விழித்த கணினி தெம்பாகச் சிரித்தது. “வணக்கம். நீங்க புதுசா வந்திருக்கீங்களா?”

பிரிண்டர் தன் பச்சை விளக்கை ஏற்றிக்கொண்டது.

“ஆமா தம்பி, இப்பத்தான் வந்தேன்.”