பூச்சி மிஸ்

"அந்தப் பூச்சி மிஸ்ஸை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பணும். இல்லைன்னா நாளையிலேர்ந்து பாலர் வகுப்புக்கு ஒரு குழந்தைகூட வராது!"

தலைமை ஆசிரியையின் மேஜைமேல் கைப்பையை டொக்கென்று வைத்தாள் அட்மின் அம்மா. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அவள்தான் அட்மின். காலை வணக்கத்திலிருந்து கண்டனக் கூட்டம்வரை எல்லாம் அவள் விரல் நுனியில்.

பின்னால் பக்கபலத்துக்கு நாலு அம்மாக்கள். மனைவி அனுப்பிவைத்ததால் வந்திருந்த ஒரே ஒரு அப்பா. அட்மின் அம்மாவின் மகள் வாலு, பேருக்கு ஏற்றபடி மூலையில் கிடந்த சுழல் நாற்காலியில் ஏறிக் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உட்காருங்கம்மா," என்றார் தலைமை ஆசிரியை.

"உட்கார வரலை மேடம். முதல்ல இதைப் படிங்க."

போனை நீட்டினாள். குரூப்பில் மிஸ் போட்டிருந்த செய்தி அது.

'அன்புள்ள பெற்றோருக்கு, எனக்கு வயிற்றில் பூச்சி இருக்கிறது. என்னிடமிருந்து குழந்தைகளுக்கும் தொற்றியிருக்கலாம். மன்னித்துவிடுங்கள். டாக்டரைக் கேட்டு, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச்சி மாத்திரை சாப்பிடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்துவிடுங்கள்.'

"இது வந்த நாள்லேர்ந்து எங்க வீடு வீடாவா இருக்கு? வீட்டுக்காரர், மாமியார், லீவுக்கு வந்த நாத்தனார், எல்லாரையும் வரிசையா நிக்கவெச்சு மாத்திரை கொடுத்தேன். நாத்தனார் இன்னும் என்கூடப் பேசலை!"

"அதுவும் நல்லதுக்குத்தானே," என்று முணுமுணுத்தார் அப்பா.

அட்மின் அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நீங்களும் சொல்லுங்களேன் சார். சும்மா நிக்கவா வந்தீங்க?"

"என்னத்தைச் சொல்றது? ஆபீஸ்லேர்ந்து வந்து கையைக் கழுவாம ஒரு பிஸ்கட் எடுத்தா, என் பையன் விசில் ஊதறான். மிஸ் சொல்லிக் கொடுத்தாங்களாம். நானும் பயந்துபோய்க் கழுவிடறேன்."

"புகார் சொல்லச் சொன்னா பாராட்டு விழா நடத்தறீங்க!" அவரை ஓரங்கட்டிவிட்டு அட்மின் அம்மா தொடர்ந்தாள். "இன்னொண்ணு கேளுங்க மேடம். இந்த மெசேஜ் வர்றதுக்கு முந்தின நாள் எனக்கே போன் பண்றாங்க. 'பாப்பா ராத்திரி சரியா தூங்கறாளா, பின்னாடி அரிக்குதுன்னு சொல்றாளா, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்களேன்'னு. எனக்கு எப்படி இருக்கும்? 'ரெண்டு வேளையும் தரை துடைக்கிற வீடு எங்க வீடு, அதெல்லாம் எங்க பிள்ளைக்கு வராது'ன்னு நறுக்குன்னு சொல்லி வெச்சுட்டேன். இப்பப் பாருங்க, பூச்சி யார் வயித்துல இருந்திருக்குன்னு!"

நாலு அம்மாக்களும் ஒன்றுபோலத் தலையாட்டினார்கள்.

மிஸ்ஸை வரச்சொன்னார் தலைமை ஆசிரியை. வந்து கதவோரமாக நின்றாள். கைவிரல்களில் சாக்பீஸ் தூள். இன்னும் வேலை நிரந்தரம் ஆகாதவள். ஒரே ஒரு புகார் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அது அவளுக்கும் தெரியும், அட்மின் அம்மாவுக்கும் தெரியும்.

"டீச்சர், இந்த மெசேஜ் நீங்க போட்டதுதானா?"

"நான் போட்டதுதான் மேடம்."

"ஏன்மா, இதை இப்படி ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? உங்களுக்கே கூச்சமா இல்லையா?"

"கொஞ்சம் இருந்தது மேடம். ஆனா எல்லாரும் ஒரே நாள்ல சாப்பிட்டாத்தான் போகும். இல்லைன்னா ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குன்னு சுத்திக்கிட்டே இருக்கும்."

"குழந்தைங்களை வெச்சு வேலை பார்க்கிறவங்க சுத்தமா இருக்க வேண்டாமா?" என்று பாய்ந்தாள் அட்மின் அம்மா. "உங்களையெல்லாம் யாரு வேலைக்கு எடுத்தது?"

மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது.

"உங்க தரப்புல ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க," என்றார் தலைமை ஆசிரியை.

மிஸ் சுழல் நாற்காலிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு அட்மின் அம்மாவிடம் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரெண்டாவது மாத்திரையும் கொடுத்துட்டீங்களா?"

அட்மின் அம்மாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "கொடுக்காம? நீங்க ஒட்டவெச்ச வியாதியை வெச்சுக் கொஞ்சிக்கிட்டிருப்போமா? போன வாரமே கொடுத்தாச்சு!"

"அப்போ சரிங்க. எனக்கு அது போதும்."

மிஸ்ஸின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வேலை போகப்போகிறவள் முகத்தில் இப்படியொரு நிம்மதியா என்று தலைமை ஆசிரியைக்கே ஆச்சரியம்தான். ஆனால் அட்மின் அம்மாவின் கட்டைவிரல் போன்மேல் தயாராக இருந்தது. அடுத்த நிமிடமே குரூப் பற்றி எரியும். பள்ளிக்கூடத்தின் பேரையும் பார்க்க வேண்டுமே.

"வருத்தமாத்தான் இருக்கு டீச்சர்," என்று இழுத்தார் அவர். "இத்தனை பேர் சேர்ந்து சொல்றப்போ எனக்கும் வேற வழி இல்லை. இந்த மாசத்தோட நீங்க..."

நாற்காலி சுற்றுவது சட்டென்று நின்றது. வாலு குதித்து ஓடிவந்து, மிஸ்ஸின் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தாள். காதில் ரகசியம் சொன்னாள். அந்த வயதுக் குழந்தைகளின் ரகசியம் வழக்கம்போல அறை முழுக்கக் கேட்டது.

"மிஸ், அன்னிக்குப் பாத்ரூம்ல எனக்குப் பூச்சி வந்தப்போ, 'அழாதே, உன்னை யாரும் கிண்டல் பண்ணாம நான் பார்த்துக்கறேன்'னு சொன்னீங்கல்ல? இப்பல்லாம் யாருமே என்னைப் 'பூச்சி'ன்னு கூப்பிடறதில்ல மிஸ். உங்களைத்தான் கூப்பிடறாங்க!"